முறையான வழியில் விண்வெளிக்கு

லேக் கார்டன்ஸ், கல்கத்தா
19.11.2000

அன்புள்ள பட்டு அத்தைக்கு, பிரியம்வதா நமஸ்காரம். அத்திம்பேருக்கு இருமல் நின்று, திருச்சியில் வெயிலும் தணிந்திருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

அப்பா என் விண்ணப்பப் படிவத்தைக் கையில் எடுத்த அன்றைக்கு நான் அவரிடம் சொல்லாதவை மூன்று. அந்தக் கட்டம் எனக்கானதில்லை. படிவத்தைத் திருப்பிக் கொடுங்கள். எனக்கு இருபத்துமூன்று வயதாகிறது. இவற்றில் ஒன்றைச் சொல்லியிருந்தால்கூட உங்களுக்கு இந்தத் தொந்தரவு இல்லை.

பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையம், எடையற்ற இடத்தில் பெண்ணுடம்பு என்ன பாடுபடும் என்று ஆராய்வதற்காக, பயிற்சி கொடுக்கப் பெண்களை எடுக்கிறது. பின்னாளில் யாராவது மேலே போனால் அந்தக் கூட்டத்திலிருந்து போகலாம். ஆளுக்கு ஒரே படிவம். கடைசித் தேதி நவம்பர் 24. நான் நிரப்பி வைத்ததை அப்பா படித்துப் பார்த்து, 'வேலையில் இருப்போர் மேலதிகாரி மூலம் அனுப்பவும்' என்ற கட்டத்தில் விரலை வைத்தார்.

"இது காலியா இருக்கே?"

"நான் வேலைல இல்லையேப்பா."

"நான் இருக்கேனோல்லியோ? சர்க்கார் காகிதம் சர்க்கார் வழியாத்தான் போகணும். தபால்ல போட்டா தூக்கிக் குப்பைல எறிவான்."

இரண்டாம் தேதி காலையில் அது அவருடைய டிபன் பையில் ஏறி, கிடர்பூர் ஆபீஸுக்குப் போய்விட்டது. பதினேழு நாளாக அங்கே மேஜை மேஜையாகச் சுற்றுகிறது. தினமும் சாயங்காலம் அப்பா செருப்பைக் கழற்றும்போதே அன்றைய குறிப்பை ஒப்பிக்கிறார். தலைமை குமாஸ்தா முகர்ஜி பாபு, 'பெண் என்பதால் துணைக்கு யார் செல்வார் என்று தெளிவுபடுத்தவும்' என்று எழுதியிருக்கிறார். அடுத்த மேஜையில், விண்வெளியானது விடுமுறைப் பயணச் சலுகையில் வருமா, வருமென்றால் சொந்த ஊருக்குப் போவதாகக் கொள்வதா, சுற்றுலாவாகக் கொள்வதா என்று கேட்டு இரண்டு நாள் நிறுத்திவிட்டார்கள். முகர்ஜி பாபுவே பிறகு அப்பாவைத் தனியாக அழைத்து, அண்ணன் என்பதற்கு இந்த ஊரில் சொல்லும் 'தாதா' போட்டு, "கோவிந்தராஜன் தாதா, தூரம் போகணும்னா கப்பல்ல வேலை பாக்கற நல்ல பையன் ஒருத்தன் இருக்கான், சொல்லட்டுமா?" என்றாராம். அப்பா அதையும் சிரிக்காமல் சொன்னார். அம்மா மட்டும், "பையன் என்ன படிச்சிருக்கான்?" என்றாள்.

நான் பிறப்பதற்குப் பதினாலு வருஷம் முன்பே ரஷ்யாவில் ஒரு துணி ஆலைப் பெண் தன்னந்தனியாகப் பூமியை மூன்று நாள் சுற்றி இறங்கியிருக்கிறாள். அவளுக்குத் துணைக்கு யார் போனார்கள்? அமெரிக்காவிலும் இதே கதைதான் அத்தை. முதல் பெண்ணை அனுப்பும்போது, ஒரு வாரத்துக்கு, மாதாமாதம் நமக்கு வேண்டிய 'அந்தச் சாமான்' நூறு போதுமா என்று இன்ஜினீயர்கள் அவளிடமே கேட்டார்களாம். ராக்கெட் விடத் தெரிந்தவர்கள் வீட்டில் ஒரு பெண்ணிடம் கேட்டிருக்கக் கூடாதா?

அப்பா என்னைத் தடுத்தால் சண்டை போட்டுவிடுவேன். அவர் அனுப்பப் பாடுபடுகிறார், அதுதான் கொடுமை. படிவத்தை எடுத்துப்போன காலை, நல்ல பேனாவைத் துடைத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, "நம்மாத்துப் பொண்ணு, கேட்டேளா" என்று மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இறங்கினார். அதைப் பார்த்தபின் வாய் வரவில்லை. அக்கா நீங்கள் சொன்னால் அவர் கேட்பார். தயவுசெய்து எங்கள் அடுத்த வீட்டு ஃபோனில் கூப்பிட்டுத் திட்டி, படிவத்தை வாங்கித் தாருங்கள். இன்னும் ஐந்தே நாள்.

அத்திம்பேருக்கு நமஸ்காரம். பேரக் குழந்தைகளுக்கு ஆசிகள், அவர்களும் எதையாவது கேட்டு நிற்கும் நாளுக்கும் சேர்த்து.

இப்படிக்கு,
பிரியம்வதா

பி.கு. 20.11.2000. திட்ட வேண்டாம். இன்று காலை பெங்களூரிலிருந்து ஒப்புகை அட்டை வந்தது. என் விண்ணப்பம் ஏழாம் தேதியே அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது. ஒன்றும் புரியாமல் அப்பாவின் ஆபீஸுக்கு ஓடினேன். தபால் பதிவு செய்யும் நாகலட்சுமி மாமி என்னை வராந்தாவுக்கு இழுத்துப் போனார். முதல் நாளே படிவத்தை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, அசலை ஸ்பீட் போஸ்டில் அனுப்பிவிட்டாராம். "கிளைடர் விமானம் ஓட்டக் கத்துக்க நானும் ஒருக்கா ஃபாரம் வாங்கினேன்மா. எங்கப்பா பத்திரமா பீரோவில வச்சார். உங்கப்பாகிட்ட மூச்சு விடாதே, ஜெராக்ஸ் இன்னும் ரெண்டு மேஜை போகணும்" என்றார்.

ஜனவரி ஏழாம் தேதி பெங்களூரில் தேர்வு என்று அட்டையில் போட்டிருக்கிறது. ஹௌராவிலிருந்து டிக்கெட் எடுத்துவிட்டேன்.