ஒற்றை விரல் வணக்கம்

எதிரே வண்டி வந்து, அதற்கு வணக்கம் சொல்லாமல் டெல்மர் நொவாட்னி கடந்துபோனதாக யாருக்கும் நினைவில்லை. அந்த வணக்கத்துக்கு முழுக் கை வேண்டியதில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த பிடி அப்படியே இருக்க, வலக்கை ஆள்காட்டி விரல் மட்டும் ஓர் அங்குலம் எழுந்து அடங்கும். நெப்ராஸ்கா மாநிலத்துச் சிற்றூரான ஓட்டர்ஃபோர்டில் எல்லோருக்கும் உள்ள வழக்கம்தான். டெல்மரோ அதை நாற்பது ஆண்டுகளாக ஒரு விரதத்தைப்போலக் காத்துவந்தார். டிராக்டருக்கு விரல் எழும். தபால் வண்டிக்கு எழும். சவ ஊர்திக்கும் எழும், கொஞ்சம் மெதுவாக. பழுதாகி மக்காச்சோள வயலோரம் நின்றுபோன ஆளில்லா லாரிக்கு அவர் ஒரு மாதம் வணக்கம் சொன்னதாக ராலண்டின் முடிதிருத்தும் கடையில் ஒரு பேச்சு உண்டு.

அப்படிப்பட்ட விரல், செப்டம்பர் மாதத்து வியாழக்கிழமை ஒன்றில் எழவில்லை.

காரணம் ஒரு குளவி. தேவாலய விருந்துக்கு மனைவி ஆர்லின் கொடுத்தனுப்பிய சூடான பீன்ஸ் சட்டியை இடக்கையால் மடியோடு அணைத்தபடி, மாலை நான்கு மணிக்கு அவர் சரளைச் சாலையில் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தார். சன்னல் வழியே நுழைந்த குளவி வண்டிக்குள் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, வேறு இடமே இல்லாததுபோல அவருடைய ஆள்காட்டி விரலில் வந்து அமர்ந்தது. டெல்மர் மூச்சை அடக்கிக்கொண்டு அதையே பார்த்தார். அந்த நொடியில் ஒரு நீலக் கார் எதிரே வந்து கடந்துபோனது. ஊரில் நீலக் கார் ஒன்றே ஒன்றுதான். அது அவரோடு பள்ளியில் படித்த லவோனுடையது.

வேறொரு நாளாக இருந்திருந்தால் விஷயம் குளவியோடு போயிருக்கும். ஆனால், அதற்கு முந்தின நாள்தான் டெல்மர் பள்ளி வாரியத் தேர்தலில் லவோனை எதிர்த்து வேட்புமனு கொடுத்திருந்தார்.

தீவன மண்டி வைத்திருக்கும் மனிதருக்குத் தேர்தல் எதற்கு என்று கேட்கலாம். எல்லாம் பள்ளிச் சமையலறைக்காக. அதை மூடிவிட்டு, ஐம்பது மைல் தொலைவிலுள்ள கம்பெனியிலிருந்து மூடியிட்ட தட்டுகளில் சாப்பாடு தருவிக்கலாம் என்று வாரியத்தில் ஒரு யோசனை எழுந்தது. வாக்கெடுப்பு தேர்தலுக்குப் பிறகுதான். மிச்சமிருந்த ஐந்து உறுப்பினர்களில் மூவர் தட்டுப் பக்கம், இருவர் அடுப்புப் பக்கம். காலியாக இருந்த ஆறாவது இடம் அடுப்புப் பக்கம் சேர்ந்தால் மூன்றுக்கு மூன்று; தீர்மானம் தோற்றுவிடும். சமையலறை போனால் சமையல்காரி வெர்னா போவாள். வெர்னா போனால் வியாழக்கிழமைகளில் பீன்ஸும் இறைச்சியுமாகக் கொதிக்கும் சில்லியும், அதற்குத் தொட்டுக்கொள்ளும் இலவங்கப்பட்டை ரோல் எனும் சுருள் ரொட்டியும் போகும். காரத்தோடு இனிப்பா என்று வெளியூரார் முகம் சுளிப்பார்கள். நெப்ராஸ்காவில் பிறந்தவர்களுக்கு அந்தச் சேர்க்கையில்தான் பள்ளிக்கூடமே இருக்கிறது. "இரண்டு பக்கமும் யோசிக்கணும்" என்று மட்டும் லவோன் சொல்லியிருந்தாள். அந்த ஊரில் அதற்குத் தட்டுப் பக்கம் என்று பொருள்.

"வணக்கம் சொல்லலையா?" என்றாள் ஆர்லின். "சோளக்கொல்லை பொம்மைக்கே விரலத் தூக்குற ஆளு நீ!"

"குளவி உக்காந்திருந்துச்சு ஆர்லின்."

"அது உனக்குத் தெரியும், குளவிக்குத் தெரியும். லவோனுக்குத் தெரியுமா? நேத்து மனு குடுத்தான், இன்னைக்கு மூஞ்சியத் திருப்பிக்கிட்டான்னு நினைக்க மாட்டாளா? போன் பண்ணிச் சொல்லு."

"என்னன்னு சொல்றது? விரலத் தூக்கலன்னா? பைத்தியம்னு நினைப்பா."

சனிக்கிழமை காலையில் தவற்றைத் திருத்தப் புறப்பட்டார். லவோன் வீட்டுத் திருப்பத்தில், தம்முடைய தேர்தல் பலகைக்குச் சற்றுத் தள்ளி வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். நீலக் கார் வந்தது. இந்த முறை அவள் பார்க்காமல் போய்விடக் கூடாது. ஆகவே ஒற்றை விரல் போதாது என்று எண்ணி, இரண்டு கைகளையும் சன்னலுக்கு வெளியே நீட்டி ஆட்டினார்.

அந்தப் பக்கத்தில் இரண்டு கைகளையும் ஆட்டினால், பாலம் உடைந்துவிட்டது என்று அர்த்தம். லவோன் அலறிப் பிரேக்கை மிதித்தாள். கார் சறுக்கிச் சாலையோரப் புல்லில் இறங்கி, 'நொவாட்னிக்கு வாக்களியுங்கள்' என்ற பலகையின் மேல் ஏறி நின்றது.

டெல்மர் ஓடிப்போய்த் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்.

"அடி பட்டுச்சா?"

"இல்ல. என்ன டெல்மர், பாலத்துக்கு என்ன ஆச்சு?"

"பாலம் நல்லாத்தான் இருக்கு. நான் வந்தது வேற விஷயமா. லவோன், வியாழக்கிழமை ரோட்டுல நடந்தது..."

லவோனின் முகம் வெளுத்தது. "நீ பார்த்துட்டியா?"

"பார்க்காம எப்படி? கண்ணு முன்னாடி போச்சே. ஆனா வேணும்னு நடந்தது இல்ல. சூழ்நிலை அப்படி."

"எனக்குத் தெரியாதா? வேற வழி இல்லாமதான்." அவள் குரலைத் தாழ்த்தினாள். "யார்கிட்டயாவது சொன்னியா?"

"ஆர்லின்கிட்ட மட்டும்."

"அவளோட நிக்கட்டும். இதப் பத்தி இனிமே நாம பேசவே வேண்டாம், டெல்மர். எனக்காக."

கண்ணாடியை ஏற்றிவிட்டாள். பேசக்கூட மனமில்லாத அளவுக்கு அவள் நொந்துபோயிருக்கிறாள் என்று டெல்மர் எண்ணினார். இரண்டாம் வகுப்பில் தம் பக்கத்தில் உட்கார்ந்து பென்சில் கடன் கொடுத்தவள்!

ஓர் ஆமை இருட்டில் கல்லொன்றின் மேல் இடித்துக்கொண்டதாம். வேறோர் ஆமை என்று நினைத்து மன்னிப்புக் கேட்டதாம். பதில் வரவில்லை. கோபம் தீரவில்லை போலும் என்று மறுபடியும் கேட்டதாம். விடிந்த பிறகும் அது அங்கேயே நின்றதாகச் சொல்வார்கள். நல்ல மனம் உள்ள ஆமைகளுக்கே இந்தத் துன்பம் நேரும்.

நண்பகலுக்குள் முடிதிருத்தும் கடையில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

"லவோன் வேணும்னே பலகை மேல ஏத்திட்டாளாம்" என்றார் ராலண்ட், கத்தரிக்கோலை நிறுத்தாமல்.

"அய்யய்யோ, தப்பு என்னுதுதான்!" என்றார் நாற்காலியில் இருந்த டெல்மர்.

"பாருங்கப்பா, எவ்வளவு பெருந்தன்மை! தலைய ஆட்டாத டெல்மர், காது போயிடும்."

வதந்தியை அடக்க ஒரு வழிதான் அவருக்குத் தோன்றியது. லவோனின் தேர்தல் பலகை ஒன்றைக் கேட்டு வாங்கி, தம் வீட்டு வாசல் புல்வெளியிலேயே நட்டுவைத்தார்.

ஆர்லின் கதவைத் திறந்து பார்த்தாள். கொட்டகைக்குப் போய், மிச்சமிருந்த டெல்மர் பலகைகள் நான்கையும் எடுத்துவந்து, லவோனின் பலகையைச் சுற்றி ஆணி அடிப்பதுபோல அடித்தாள்.

"இது மன்னிப்பு ஆர்லின்!"

"மன்னிப்ப மனசுல வை. புல்லுல புள்ளைங்க சாப்பாடு இருக்கு."

ஒரே வாசலில் இரண்டு கட்சி. கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் என்று ஊர் பேசியது. செவ்வாய்க்கிழமை பாஸ்டர் லண்ட் வந்தார். கையில் ஒரு பெரிய கண்ணாடிப் பாத்திரம். உள்ளே உருளைக்கிழங்கும் இறைச்சியும் பாலாடைக்கட்டியும் சேர்த்துச் சுட்ட உணவு. யாராவது இறந்தால் கொண்டுவருவது அது.

"எல்லாக் குடும்பத்துலயும் புயல் வரும்" என்றார் பாஸ்டர், இருவரையும் மாறி மாறிப் பார்த்து.

"யாரு செத்தது?" என்றாள் ஆர்லின்.

"யாரும் சாகல. நீங்க பிரியறதா..."

"முப்பத்தெட்டு வருஷமா குறட்டையப் பொறுத்துக்கிட்டேன் பாஸ்டர். ஒரு பலகைக்காகவா பிரியப் போறேன்? ஓவன்ல வைக்கிறேன், உக்காருங்க."

அக்டோபர் கடைசியில் தீயணைப்பு நிலையத்தில் வேட்பாளர் கூட்டம் நடந்தது. ஆளுக்கு இரண்டு நிமிடம். வெர்னா பின்வரிசையில் காப்பிப் பாத்திரத்தருகே நின்றாள். அவளுக்காகவே ஒரு பேச்சை எழுதிப் பாடம்பண்ணி வந்திருந்தார் டெல்மர். மேடை ஏறியதும் முன்வரிசையில் கைகளைப் பிசைந்துகொண்டிருந்த லவோன் கண்ணில் பட்டாள். பாடம் பறந்துவிட்டது.

"லவோன் நல்ல மனுஷி" என்று தொடங்கினார். "நான் அவளுக்கு ஒரு குத்தம் பண்ணிட்டேன். என்னன்னு இங்க சொல்ல முடியாது. அவளே பேச வேண்டாம்னுட்டா."

ஆர்லின் மெல்லக் கைப்பையைத் தரையில் வைத்தாள். பாஸ்டர் லண்ட் அடுத்த பாத்திரத்துக்குக் கணக்குப் போடுபவர்போலக் கூரையைப் பார்த்தார்.

லவோன் எழுந்தாள். முகம் சிவந்திருந்தது. "அவன் ஒரு குத்தமும் பண்ணல. அவனுக்கு ஒரு விஷயம் தெரியும். தெரிஞ்சும் வாயத் திறக்கல. தெரிஞ்சும் அந்தச் சமையலறைக்காக நிக்கிறான். இப்படி ஒரு ஆள நான் பார்த்ததே இல்ல!"

பின்வரிசையில் காப்பிப் பாத்திரத்தின் மூடி தரையில் விழுந்து உருண்டது. வெர்னா அதை எடுக்கக் குனிந்தவள், நெடுநேரம் நிமிரவில்லை.

டெல்மருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மிச்சமிருந்த பத்து நொடியில் மனத்தில் இருந்ததை மட்டும் சொன்னார்: "என் அம்மா செத்த வாரம் எனக்கு ஒம்பது வயசு. அந்த வியாழக்கிழமை சமையல்கட்டுல இருந்தவங்க எனக்கு ரெண்டு ரோல் குடுத்தாங்க. ஒண்ணும் பேசல. மூடி போட்ட தட்டுக்கு எந்தப் புள்ளைக்கு ரெண்டு வேணும்னு தெரியாது. அவ்வளவுதான்."

யாரும் கைதட்டவில்லை. அந்த ஊரில் மனம் கலங்கினால் கைதட்ட மாட்டார்கள், மூக்கைச் சிந்துவார்கள். பல மூக்குகள் சிந்தப்பட்டன.

தேர்தல் நாள். மறைப்புக்குள் நின்று வாக்குச்சீட்டைப் பார்த்தார் டெல்மர். தனக்குத் தானே வாக்களிப்பது, விருந்தில் தன் தட்டை முதலில் நிரப்பிக்கொள்வதைப் போலக் கூச்சமாக இருந்தது. லவோனுக்குச் செலுத்த வேண்டிய மன்னிப்பும் பாக்கி. பேனா தானாகவே நகர்ந்து லவோனின் பெயருக்கு எதிரே இருந்த கட்டத்தைக் கறுப்பாக்கியது. அதன் பிறகுதான் வெர்னாவின் முகம் நினைவுக்கு வந்தது. வியர்த்துக் கொட்ட, சீட்டைப் பெட்டியில் நுழைத்துவிட்டு வெளியே வந்தார்.

"யாருக்குப் போட்ட?" என்றாள் ஆர்லின். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சொல்லாத. சொன்னா நிஜமாவே பாஸ்டரக் கூப்பிட வேண்டியிருக்கும்" என்றாள்.

எண்ணிக்கை முடிந்தது. லவோன் முந்நூற்று ஆறு. டெல்மர் முந்நூற்று ஏழு.

அன்றே லவோன் தொலைபேசியில் அழைத்தாள். "வாழ்த்துக்கள். எனக்கு நானே போட்டுக்கல டெல்மர், மனசு வரல" என்றாள். டெல்மர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

சனவரியில் பதவியேற்பு. முதல் கூட்டத்திலேயே தட்டுத் தீர்மானம் மூன்றுக்கு மூன்று என்று விழுந்தது. அந்த வாரத்து வியாழக்கிழமை, புது உறுப்பினரைப் பள்ளியில் மதிய உணவுக்கு அழைத்திருந்தார்கள். முழங்கால் மேசையில் இடிக்கும் சிறுவர் நாற்காலியில் டெல்மர் உட்கார்ந்தார். வெர்னா தானே தட்டைக் கொண்டுவந்தாள். ஆவி பறக்கும் சில்லி. பக்கத்தில், ரொட்டி சுட்ட தட்டத்தின் நட்டநடுவிலிருந்து எடுத்த ரோல். நாற்புறமும் மெத்தென்று இருக்கும் அந்த நடு ரோல் ஒரு தட்டத்துக்கு ஒன்றுதான். அதற்காகவே பையன்கள் வரிசையில் இடம் மாறிச் சண்டையிடுவார்கள்.

"இது எனக்கு வேண்டாம் வெர்னா" என்றார் டெல்மர். "நான் யோக்கியன் இல்ல. லவோனுக்கு ஒரு தப்புப் பண்ணினேன். இன்னும் தீரல."

"என்ன தப்பு?"

வேறு யாரிடமும் சொல்ல முடியாததை அவளிடம் சொன்னார். சரளைச் சாலை, பீன்ஸ் சட்டி, விரல்மேல் உட்கார்ந்த குளவி, கடந்துபோன நீலக் கார், எழாத விரல். "குளவியத்தான் பார்த்தேன். அவ மூஞ்சியக்கூடப் பார்க்கல. எப்பப் பேச வந்தாலும் 'வேண்டாம்'னுடறா. அவ்வளவு வருத்தம் அவளுக்கு."

வெர்னா கரண்டியை மேசைமேல் வைத்தாள். "பார்க்கலையா? இவ்வளவு நாளா உனக்கு இது மட்டும்தான் தெரியுமா?"

"வேற என்ன இருக்கு?"

அவள் எதிரே இருந்த சின்ன நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். சிரிக்கத் தொடங்கினாள், சிரிப்பு பாதியிலேயே அழுகையாயிற்று. இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு மாவு ஒட்டிய வலக்கை ஆள்காட்டி விரலை, மேசைக்கு மேலே ஓர் அங்குலம், மிக மெதுவாக அவரை நோக்கி உயர்த்தினாள்.

"இது அன்னைக்கே நான் உனக்குக் காட்டியிருக்க வேண்டியது, டெல்மர். லவோன்கிட்ட இரவல் வாங்கின அந்தக் கார்ல, நீ எங்க ஜெயிக்கப் போறேன்னு நினைச்சு, அதே தட்டுக் கம்பெனிக்கு வேலை கேட்டுப் போனது நான்தான். உன் வண்டியப் பார்த்ததும் வெக்கத்துல ஸ்டியரிங்குக்குக் கீழ குனிஞ்சுக்கிட்டேன்."