அரையெட்டு அண்ணை

எழுபதுகளின் சிட்னியில் கைக்கடிகாரம் கட்டிய அத்தனை பேரிலும் சொன்ன நேரத்துக்குச் சரியாக வருகிற ஒரே மனிதர் அரையெட்டு அண்ணைதான். அவர் சொன்ன நேரம் எது என்பதுதான் ஒருவருக்கும் விளங்காது.

அண்ணை யாழ்ப்பாணத்தில் பிறந்து, ஜெர்மன் சரக்குக் கப்பல்களில் சமையல்காரராக உலகம் சுற்றி, கடைசியில் சிட்னியின் டூங்கபியில் கரையேறியவர். நடுவில் அவருக்கு ஏழரைச் சனி பிடித்தது. பேசிவைத்த கல்யாணம் குழம்பியது, பெட்டி தொலைந்தது, ஒரு துறைமுகத்தில் கப்பலே அவரை விட்டுவிட்டுப் போனது. அன்றிலிருந்து 'ஏழரை' என்ற சொல்லை அவர் வாயில் எடுப்பதில்லை. அப்படியானால் மணி ஏழு முப்பது ஆகும்போது என்ன சொல்வது? ஜெர்மன்காரர்கள் கைகொடுத்தார்கள். அவர்கள் அந்த நேரத்தை 'அரை எட்டு' என்பார்களாம்.

"எட்டுக்குப் போற வழியிலை பாதி வந்தாச்சு. அப்ப அரை எட்டுத்தானே? ஒல்லாந்துக்காரனும் சுவீடன்காரனும் இப்பிடித்தான் சொல்லுறாங்கள். இங்கிலீஷ்காரன் மட்டும் ஹாஃப் எய்ட் எண்டு போட்டு எட்டு முப்பதுக்கு வாறான். அவனுக்குக் கணக்கு வராது" என்பார்.

ஆக, அதே அரைக்கும் அதே எட்டுக்கும் இரண்டு நேரம். நடுவில் கிடந்த ஒரு மணித்தியாலத்துக்குள் விழுந்து நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

முதல் தடவை என்னையும் என் அறை நண்பன் பாலாவையும் அவர் அரை எட்டுக்கு இரவுச் சாப்பாட்டுக்கு அழைத்தார். நாங்கள் இங்கிலீஷ் படித்தவர்கள் அல்லவா, எட்டரைக்குப் போனோம். குசினி வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, சமையலறைக்குள் விடாமல் மறித்துக்கொண்டிருந்தார்.

"கணவாய்க் கறி ஆறிப்போச்சு. என்ரை கோவம் இன்னும் ஆறேல்லை" என்றார்.

தொழிற்சாலையில் இங்கிலாந்திலிருந்து வந்த மேற்பார்வையாளர் ஒருவர் அவரை ஹாஃப் செவனுக்கு வரச்சொன்னார். அண்ணை ஆறு முப்பதுக்கே போய், பூட்டிய கேற்றுக்கு முன்னால் குளிரில் விறைத்துக்கொண்டு நிற்பார். ஒரு மாதம் பார்த்த மேற்பார்வையாளர் மனம் உருகி, கேற்றுச் சாவியை அவர் கையிலேயே கொடுத்துவிட்டார். அண்ணைக்கு அதிலும் திருப்தியில்லை.

"நேரத்துக்கு வரத் தெரியாதவன், திறப்பைத் தந்து தப்பப் பாக்கிறான்" என்றார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு சமாளித்தேன், மலர் வரும்வரை. மலர் என் மனைவி. கல்யாணம் முடிந்த இரண்டாம் வாரமே அவளை ஊரில் விட்டுவிட்டு வந்தவன் நான். விசா கிடைத்து, முதல் விமானப் பயணம், தனியாக வருகிறாள். வெளியே வரும்போது என் முகம் தெரியாவிட்டால் அடுத்த விமானத்திலேயே திரும்பிவிடுவேன் என்று எழுதியிருந்தாள். செய்யக்கூடியவள்தான்.

எங்களில் கார் வைத்திருந்தவர் அண்ணை மட்டுமே. விமானம் ஒன்பது மணிக்கு.

"நாளைக்குக் காலமை ஹாஃப் எய்ட். வெளிக்கிட்டு நில்லு, தம்பி" என்றார்.

பட்டறிந்தவன் நான். ஏழரைக்கே எங்கள் வென்ட்வேர்த்வில் வீட்டு வாசலில் கோட்டும் சூட்டுமாக நின்றேன். கார் வரவில்லை. எட்டு மணியாகியும் வரவில்லை. பாலாவிடம் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடினேன். ரயில் நடுவழியில் நின்று யோசித்தது. டாக்ஸிக்காரர் ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் விசிலடித்தார். விமான நிலையத்துக்குள் நான் நுழைந்தபோது பயணிகள் எல்லோரும் போய், கூட்டம் கலைந்திருந்தது.

மூலையில் மலர் இருந்தாள். அண்ணையின் கப்பல் கோட்டைப் போர்த்துக்கொண்டு தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அண்ணை, அவளுடைய பெட்டிகளைக் கட்டிப்பிடித்தபடி. நான் ஓயாமல் காட்டிய கல்யாணப் படத்தை வைத்து ஆளை அடையாளம் பிடித்திருக்கிறார்.

"எங்கையடா துலைஞ்சனி? நீ குழம்பக்கூடாதெண்டு இண்டைக்கு உனக்காக இங்கிலீஷ் அரை சொன்னனான்! எட்டு முப்பதுக்கு வந்தா பாலா மட்டும் நிக்கிறான்!"

"நான் உங்களுக்காக ஜெர்மன் அரையிலை நிண்டனான், அண்ணை!"

மலர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏழரை எண்டோ எட்டரை எண்டோ தமிழிலை சொல்லியிருந்தா ரெண்டு பேருக்கும் விளங்கியிருக்குமே?"

அண்ணையின் முகம் வெளுத்தது. கோபம் எங்கேயோ போய்விட்டது.

"சனி என்னைப் பிடிச்சதே போதும், தங்கச்சி" என்றார் மெதுவாக. "வாழ வந்த முதல்நாள் அந்தச் சொல்லு உன்ரை வாயிலை வேண்டாம். நீங்கள் ரெண்டு பேரும் நல்லா இருக்கோணும்."

அவர் போய்ப் பல வருடமாகிறது. ஞாயிறு இரவில் மலர் பேரப்பிள்ளைகளை அரை எட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். அவர்கள் எட்டரைக்கு வருகிறார்கள். அவள் முணுமுணுக்காமல் கறியை மறுபடி சூடாக்குகிறாள். அந்தச் சொல்லை மட்டும் இன்றுவரை சொன்னதில்லை.