நேரக் கடத்தல்

விளையாட்டுக் கழகக் கோப்பை போனாலும் போகட்டும், ஜன்னல் வைத்த சின்ன அறையை மட்டும் விட்டுக்கொடுப்பதில்லை என்று பஸ் நிலைய டைம்கீப்பர் உறுதி எடுத்துக்கொண்டார். அந்த அறையில் அவருடைய பலகை விளையாட்டுப் பெட்டிகள் நூற்றுப் பதினாறு இருந்தன. அவற்றுக்கு நல்ல காற்றும் வெளிச்சமும் கிடைத்தன.

அவர் மனைவி தையல்காரி. அவளுடைய மெஷின் ஹாலில், ஃப்ரிட்ஜுக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு நின்றது. வெளிச்சம் போதாமல் கறுப்புத் துணிக்குக் கருநீல நூல் போட்டு, பிரித்து, மறுபடி தைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, கண்ணு எரியுது. அந்த ரூம் எனக்கு வேணும்."

"யோசிச்சுச் சொல்றேன்."

"நாலு வருஷமா யோசிக்கிறீங்க."

"சின்ன விஷயமா?"

"சரி, இந்த வருஷப் போட்டியில நானும் பேர் கொடுக்கறேன். நம்ம ரெண்டு பேர்ல யார் முதல்ல தோக்கறாங்களோ அவங்க ரூமை விட்டுடணும்."

டைம்கீப்பர் யோசிக்காமல் சம்மதித்த முதல் விஷயம் அதுதான்.

பஸ் நிலையத்தில் அவர் நெருப்பு. வண்டி இரண்டு நிமிடம் தாமதமாக வந்தால் டிரைவர் ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுத வேண்டும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுக் கழகத்தில் அவருக்குப் பெயர் 'கடத்தல்காரர்'. அவர் கடத்துவது நேரத்தை. அங்கே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நாற்பது நிமிடம். யாரும் ஐம்பதாவது கட்டத்துக் கோட்டைத் தொடாவிட்டால் மணி அடிக்கும், முன்னால் இருப்பவர் ஜெயித்தவர். ஆகவே முன்னால் வரும்வரை டைம்கீப்பர் ஆடுவார். வந்த பிறகு தவத்தில் உட்கார்ந்துவிடுவார். ஆடினால்தானே தப்பு நடக்கும் என்பது அவர் கொள்கை. கண்ணாடியைத் துடைப்பார். விதிப் புத்தகம் கேட்பார். ஒருமுறை ஷூ லேஸ் கட்ட ஆறு நிமிடம் குனிந்திருந்தார். அன்று அவர் போட்டிருந்தது செருப்பு.

ஜெயித்ததும் எதிராளியின் கையை இரண்டு கையாலும் பிடித்து, "விளையாட்டுன்னா பண்புதாங்க முக்கியம்" என்பார். அரையிறுதியில் கணக்கு வாத்தியார் அந்தக் கையை உதறிவிட்டுப் போனார். வாத்தியாருக்குப் பண்பு போதாது என்று டைம்கீப்பர் வருத்தப்பட்டார்.

மறு அரையிறுதியில் ஜெயித்தது தையல்காரி.

இறுதி ஆட்டம் கப்பல் விளையாட்டு. முப்பதாவது நிமிடத்தில் அவர் கப்பல் நாற்பத்து நாலாவது கட்டத்தில் நின்றது, அவளுடையது முப்பத்து மூன்றில். கிடைத்த சரக்குச் சீட்டுகளை அவர் அப்போதைக்கப்போதே திறந்து போட்டு முன்னேறியிருந்தார். அவள் நாலு சீட்டை மூடியே வைத்திருந்தாள். போடத் தெரியவில்லை போலிருக்கிறது என்று அவருக்குப் பாவமாகக்கூட இருந்தது. முறை அவருடையது. கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏங்க, சீக்கிரம் ஆடுங்க."

"துடைச்சிட்டு ஆடறேன்."

"அதான் துடைச்சாச்சே."

"இன்னொரு கண்ணு இருக்கில்ல."

"வீட்டுல வேலை கிடக்கு. சட்டுன்னு நகர்த்துங்க."

"இது என்ன பட்டனா, சட்டுன்னு தைக்க? யோசிக்கணும்."

"நடுவரே, இவரை ஆடச் சொல்லுங்க."

நடுவர் ஒரு பல் டாக்டர். வாயைத் திறக்கச் சொல்லியே பழகியவர், "யோசிக்கக் கூடாதுன்னு விதி இல்லம்மா" என்று தன் வாயை மூடிக்கொண்டார்.

அவள் கெஞ்சினாள். கடிகாரத்தைக் காட்டினாள். தலையில் கைவைத்துக்கொண்டாள். அவள் அவசரப்படுத்த அவசரப்படுத்த டைம்கீப்பருக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. விதிப் புத்தகத்தை வாங்கி அட்டைப் படத்தை ஆராய்ந்தார். நாற்பதாவது நிமிடம் முடிந்தது. மணி அடித்தது.

அவர் எழுந்து இரண்டு கையையும் நீட்டினார். "விளையாட்டுன்னா பண்பு..."

"உட்காருங்க சார்" என்றார் பல் டாக்டர். "மூடின சீட்டை எண்ணணும்."

"அதையா? அதுக்குத்தான் மதிப்பே இல்லையே."

"கோட்டைத் தொட்டு முடிஞ்சா இல்ல. மணி அடிச்சு முடிஞ்சா உண்டு. கையில இருக்கே, பன்னிரண்டாம் பக்கம் பாருங்க."

பதினோராம் பக்கத்தில் மணி விதி இருந்தது. அதற்குப் பிறகு படிக்க எதுவும் இருப்பதாக டைம்கீப்பருக்கு இத்தனை வருடம் தோன்றவில்லை. ஐந்து, நாலு, மூன்று, இரண்டு. பதினாலு. அவள் நாற்பத்தேழு, அவர் நாற்பத்து நாலு. தோல்வி அவருக்கு நிஜமாகவே வலித்தது. அவள் நீட்டிய கையை ஒரு கையால் மட்டும் தொட்டார்.

சாயங்காலம் அவர் பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே தூக்கிவர, தையல்காரி ஜன்னலோரத்தில் மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எழுபதாவது பெட்டியில் அவருக்கு மூச்சு வாங்கியது. கூடவே ஒரு சந்தேகமும் வந்தது.

"ஏம்மா, நான் யோசிக்காம ஆடியிருந்தா?"

"ரெண்டே நகர்த்தல்ல கோட்டைத் தொட்டிருப்பீங்க. என் சீட்டு நாலும் குப்பை."

"அப்புறம் எதுக்கு 'சீக்கிரம் ஆடுங்க, சீக்கிரம் ஆடுங்க'ன்னு என்னை விரட்டிக்கிட்டே இருந்தே?"

அவள் வெளிச்சத்தில் ஊசியைப் பிடித்து நூலைக் கோத்தாள்.

"நான் சொல்லி எதைங்க நீங்க சீக்கிரம் செஞ்சிருக்கீங்க?"