முன்னேறத் துடிப்பவர் ஐந்து மணிக்குக் கிளம்பார்

"வீட்டுக்குப் போகணும்ங்கற எண்ணம் உனக்கு அடிக்கடி வருமா?"

மனித குலம் இதுவரை கேட்ட கேள்விகளிலேயே ஆழமானது எது என்று யாராவது ஆராய்ச்சி செய்தால், முதல் பரிசை இதற்குத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். வாழ்க்கை எதற்கு, செத்த பிறகு என்ன என்றெல்லாம் கேட்டவர்கள் வேலையில்லாதவர்கள். இதைக் கேட்டவர் வேலை கொடுப்பவர். அதாவது, வேலையை மட்டும் கொடுப்பவர்.

கேட்கப்பட்டவள் கல்லூரியில் கடைசி ஆண்டு படிக்கும் ஒரு பெண். கேட்ட இடம், மாணவர் முன்னேற்ற ஆலோசனை நிலையத்தின் நேர்முகத் தேர்வு. தினமும் மத்தியானத்திலிருந்தே அந்த எண்ணம் வரும் என்பதுதான் உண்மையான பதில். உண்மையைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று கல்லூரியில் மூன்று வருடம் படித்திருந்தாள்.

"எப்பவாவது வரும் சார்."

"பரவாயில்ல. போகப் போக நின்னுரும்" என்றார் ஆலோசகர். நிலையத்தின் நிறுவனர், தலைவர், முகப்புப் படம் எல்லாம் அவரே.

இப்படியாக அவள் சம்பளமில்லாத பயிற்சியாளராகச் சேர்ந்தாள். 'சம்பளமில்லாத' என்ற கொச்சைச் சொல்லை அங்கே யாரும் வாயில் வைப்பதில்லை. 'அனுபவம் வழங்கப்படும்' என்பதே அலுவல் மொழி. சம்பளமென்றால் மாதத்துக்கு ஒருமுறை. அனுபவமோ தினமும் வழங்கப்பட்டது. கடைசியில் ஒரு சான்றிதழும் உண்டு. அந்தச் சான்றிதழைக் காட்டினால்தான் கல்லூரி பட்டம் கொடுக்கும். ஆகவே அவளுடைய மூன்று வருடப் படிப்பும் ஆலோசகரின் சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவின் முனையில் நின்றுகொண்டிருந்தது.

டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்த அந்த நிலையம் மாணவ சமுதாயத்துக்குச் செய்த தொண்டு கொஞ்சநஞ்சமல்ல. 'காசில்லாமல் கல்லூரி முடிப்பது எப்படி', 'பயிற்சிக் காலத்தில் பளிச்சிடுவது எப்படி' என்று புத்தகங்களாக வெளியிட்டுத் தள்ளியது. புத்தகத்தின் விலை மட்டும் சற்று அதிகம். காசின் அருமை மாணவனுக்கு முதல் பக்கத்தைத் திறப்பதற்கு முன்பே தெரிந்துவிட வேண்டும் என்பது ஆலோசகரின் கொள்கை. புத்தகங்களை எழுதுவது பயிற்சியாளர்கள். அட்டையில் கன்னத்தில் கை வைத்துச் சிந்திப்பது அவர்.

ஊருக்குச் சொன்ன சிக்கனத்தை அவர் தன் அலுவலகத்திலும் கடைப்பிடித்தார் என்பதை எதிரிகளும் ஒப்புக்கொள்வார்கள். கணினி, இணையம், பேனா, தண்ணீர் பாட்டில் அனைத்தும் பயிற்சியாளர்களே கொண்டுவர வேண்டும். ஆட்களை விட நாற்காலிகள் குறைவு. பிந்தி வருகிறவர்கள் நின்றபடியே வளர்ந்தார்கள். கூட்டம் நடக்கும்போது மட்டும் மின்விசிறி சுற்றும் என்பதால், கூட்டம் என்றாலே எல்லோர் முகத்திலும் ஒரு மலர்ச்சி. "இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குக் கூட்டம்னா எவ்வளவு ஆர்வம் பாத்தீங்களா" என்று அவர் வருகிறவர்களிடமெல்லாம் பெருமைப்படுவார்.

மதிய உணவு பற்றியும் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. "வெளியில சாப்பிடாதீங்க. காசைக் கரியாக்காதீங்க. வீட்லேர்ந்து கொண்டு வாங்க" என்பார். கொண்டு வந்ததும் ஒவ்வொரு டப்பாவாக எட்டிப் பார்த்து, ஆளுக்கு ஒரு கரண்டி எடுத்துக்கொள்வார். இதற்கு 'குழு உணர்வை வளர்த்தல்' என்று பெயர். சேர்ந்த முதல் வாரத்திலேயே அவளுடைய குழு உணர்வு பாதி டப்பாவுக்கு வளர்ந்துவிட்டது.

அவளுக்குப் 'புதுசு' என்று பெயர் வைத்தது சீனியர். சீனியர் என்றால் சம்பளக்காரர் அல்ல, மூத்த பயிற்சியாளர். அவர் சேர்ந்தபோது மீசை முளைத்துக்கொண்டிருந்ததாம். இப்போது முன்மண்டை காலியாகிக்கொண்டிருந்தது. அடுத்த மாதம் நிரந்தரம் என்று ஆலோசகர் அவருக்கு மாதந்தவறாமல் சொல்லி வந்தார். அந்தச் சொல்லில் மட்டும் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

நிலையத்தின் தலையாய விதி ஒன்று உண்டு. 'முன்னேறத் துடிப்பவர் மேலதிகாரிக்கு முன்னால் கிளம்பார்.' 'பளிச்சிடுவது எப்படி' புத்தகத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. துரதிருஷ்டவசமாக, 'தலைவனாவது எப்படி' என்ற வேறொரு புத்தகத்தில் 'நல்ல தலைவன் கடைசி ஆள் போன பிறகே கிளம்புவான்' என்றும் அவர் பெயரிலேயே அச்சாகிவிட்டது. இரண்டையும் எழுதியது வெவ்வேறு பயிற்சியாளர்கள். இரண்டுக்கும் மறுபதிப்பு வந்துவிட்டது. திருத்த வழியில்லை.

ஆகவே தினமும் ஐந்து மணிக்கு மேல் அந்த மாடியில் ஒரு மகத்தான காட்சி அரங்கேறும். அவர் போகட்டும் என்று இவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். இவர்கள் போகட்டும் என்று அவர் உட்கார்ந்திருப்பார். வேலை எப்போதோ முடிந்திருக்கும். ஆனாலும் விசைப்பலகைகள் ஓயாது. சீனியர் ஒரே வரியை அடித்து, அழித்து, மறுபடி அடிப்பார். ஆலோசகர் நேற்றைய செய்தித்தாளைப் புருவம் சுருக்கிப் படிப்பார். கடைசியில் அவர் கழிப்பறைக்குப் போவதுபோல் பின்படி வழியாக இறங்கி, எதிரே உள்ள மளிகைக் கடை மூட்டைகளுக்குப் பின்னால் நின்றுகொள்வார். அவர் போய்விட்டார் என்று நம்பி இவர்கள் கிளம்பியதும் ஏறி வந்து கதவைப் பூட்டி, பூட்டோடு ஒரு படம் எடுத்து, 'கடைசியில் கிளம்புகிறவன்' என்று இணையத்தில் போடுவார். படத்துக்கு முதல் விருப்பக்குறி சீனியருடையதாக இருக்கும்.

இந்தப் புனிதத்துக்குள் சிக்காத ஒரே ஆத்மா கணக்கு அக்கா. ஐந்து அடித்தால் செருப்பை மாட்டிவிடுவார்.

"உங்களுக்குப் பயமா இல்லியாக்கா?" என்று புதுசு ஒருநாள் கேட்டாள்.

"நான் சம்பளம் வாங்கறவம்மா. எனக்கு எதுக்கு முன்னேற்றம்?" என்று சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போனார்.

புதுசுக்கு இருந்த சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். அவளுடைய அம்மாவுக்கு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் மாலை முறை வேலை. ஆறு மணிக்குள் வீட்டைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். தங்கைக்கு ஆறு வயது, தனியாக விட்டால் அடுப்பில் பரிசோதனை செய்து பார்க்கும் வயது. புதுசு வந்து சேர்ந்தால்தான் அம்மா கிளம்ப முடியும். பயிற்சியில் சேர்ந்த நாளிலிருந்து அம்மா தினமும் தாமதம். இன்னொரு தடவை பிந்தினால் உன் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்று சலவைப் பிரிவின் மேற்பார்வையாளர் நேற்றுச் சொல்லிவிட்டார். வீட்டில் காசு வருகிற வழி அந்த ஒன்றுதான். அனுபவம் வருகிற வழி வேண்டுமானால் இன்னொன்று இருந்தது.

எனவே இன்று அவள் மத்தியானம் டப்பாவை முழுதாக அவர் பக்கம் நகர்த்திவிட்டு, நல்ல நேரம் பார்த்து வாயைத் திறந்தாள்.

"சார், இன்னிக்கு அஞ்சு மணிக்குக் கிளம்பட்டுமா? அம்மா வேலைக்குப் போகணும். தங்கச்சி தனியா இருப்பா."

ஆலோசகர் அகமும் முகமும் மலர்ந்தார். "தாராளமாக் கிளம்பும்மா. இங்க என்ன ஜெயிலா நடக்குது? இங்க யாரையும் கட்டாயப்படுத்தறதே கிடையாது. அவங்கவங்க மனசாட்சிதான்."

சீனியர் அவளைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"ஏய் புதுசு, பைத்தியமா உனக்கு? அவர் 'தாராளமா'ன்னு சொன்னா என்ன அர்த்தம்னு தெரியுமா?"

"தாராளமான்னுதானே அர்த்தம்?"

"போன வருஷம் ஒரு பொண்ணு இப்படித்தான் கேட்டுட்டுக் கிளம்பிருச்சு. சான்றிதழ்ல என்ன எழுதிக் குடுத்தாரு தெரியுமா? 'நேரத்துக்கு வீட்டுக்குப் போகக்கூடியவர்.'"

"அதுல என்ன தப்பு? உண்மையைத்தானே எழுதியிருக்காரு."

"அதைக் காட்டினதும் காலேஜ்ல பயிற்சியைத் திரும்பப் பண்ணச் சொல்லிட்டாங்க. எங்க பண்றா தெரியுமா?"

"எங்க?"

சீனியர் கதவிடுக்கு வழியாகக் கண்ணைக் காட்டினார். ஜன்னலோரம் ஒரு பெண் தலையைத் தூக்காமல் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். பயிற்சியாளர்களில் கடைசியாகக் கிளம்பும் அந்த உழைப்பைப் பார்த்து, அவளை ஆலோசகரின் உறவுப் பெண் என்று இத்தனை நாளும் புதுசு நினைத்திருந்தாள்.

ஐந்து மணிக்குக் கணக்கு அக்கா செருப்பை மாட்டினார். புதுசு மெதுவாகப் பையை எடுத்தாள். அதே நொடியில் மின்விசிறி சுற்ற ஆரம்பித்தது.

"எல்லாரும் வாங்க, ஒரு சின்னக் கூட்டம்" என்றார் ஆலோசகர். "புதுப் புத்தகம் விஷயமா. 'நேரத்தைச் சேமிப்பது எப்படி.' புதுசு, கிளம்பறதா இருந்தா நீ கிளம்பலாம். உன் மனசாட்சிதான்."

மனசாட்சி அவளை உட்கார வைத்தது. ஜன்னலோரத்துப் பெண் ஒருமுறை அவளைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள்.

நேரத்தை எப்படிச் சேமிப்பது என்று ஆலோசகர் ஐந்தரை வரை பேசினார். காலம் பொன் போன்றது என்று யாருக்குமே தெரியாத ஒரு செய்தியை வெளியிட்டார். எல்லோரும் எழுதிக்கொண்டார்கள். அவர் வாயிலிருந்து எது உதிர்ந்தாலும் எழுதிக்கொள்வது அங்கே வழக்கம். தும்மினால்கூடச் சீனியர் ஒரு கோடு போட்டு வைப்பார். எந்தப் புத்தகத்துக்கு எது பயன்படும் என்று யார் கண்டது?

மேசைக்கடியில் புதுசின் கைபேசி அதிர்ந்தது. 'கிளம்பிட்டியா?' என்று அம்மா. கொஞ்ச நேரம் கழித்து, 'செருப்புப் போட்டுக்கிட்டு வாசல்ல நிக்கறேன்.' அவள் பதில் போடவில்லை. என்ன போடுவாள்? நேரத்தைச் சேமித்துக்கொண்டிருக்கிறேன் என்றா?

அப்போது ஆலோசகரின் கைபேசி அடித்தது.

"என் பொண்ணு" என்று அவர் கூட்டத்துக்கு அறிவித்தார். "திங்கக்கிழமைதான் ஒரு கம்பெனில பயிற்சிக்குச் சேர்ந்திருக்கா. அப்பா மாதிரி." பேசுகிற குரல் தெருமுனை வரை கேட்கும் பரம்பரை அவருடையது. எழுந்து நடந்துகொண்டே பேசினார்.

"சொல்லும்மா தங்கம். வீட்டுக்கு வந்துட்டியா... இன்னும் ஆபீஸ்லயா? மணி என்ன ஆகுது? ஏன்?... மேலதிகாரி கிளம்பலைன்னா? அவன் கிளம்பலைன்னா உனக்கென்ன? அவனுக்கு வீட்ல சோறு போட மாட்டாங்களா இருக்கும்."

பேனாக்கள் பழக்கதோஷத்தில் ஓடிக்கொண்டிருந்தன.

"காசு ஏதாவது குடுக்கறானா?... அனுபவமா? அனுபவத்தைக் கடையில குடுத்தா அரிசி தருவானாமா? பச்சைப் புள்ளைங்களை ஓசில வேலை வாங்கறதுக்கு இப்படி ஒரு பேரு வெச்சிருக்கானா?... சான்றிதழ்ல கை வெப்பான்னு பயமா? அது வெறும் காகிதம்மா. அதைக் காட்டி மெரட்டறவன் பொறுக்கி. அப்பா வந்து உங்க காலேஜ்ல பேசறேன். எத்தனை பேரு உக்காந்திருக்கீங்க?... அத்தனை பேருக்கும் வாயில்லையா?"

அவர் கழுத்து சிவந்துவிட்டது. பெற்ற மனம்.

"இந்தா பாரு. பையை எடு. யார்கிட்டயும் கேட்டுக்கிட்டு நிக்காத. கேட்டாத்தானே அவன் 'தாராளமா'ம்பான். ஒரு வார்த்தை பேசாம எந்திரிச்சு வந்துக்கிட்டே இரு."

கைபேசியை அணைத்து, கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு அவர் மேசைக்குத் திரும்பினார்.

"என்ன மனுஷங்களோ. சரி, எங்க விட்டோம்?"

எல்லோரும் எழுதி முடிக்கிற மும்முரத்தில் இருந்தார்கள்.

"அதை ஏன்யா எழுதறீங்க?"

சீனியர் பணிவாகத் தலையை நிமிர்த்தினார். "அருமையா இருந்துச்சு சார். இத்தனை வருஷத்துல நீங்க இப்படிப் பேசி நான் கேட்டதே இல்ல. இதை எந்தப் புத்தகத்துல சேக்கறது?"

ஆலோசகர் கைக்குட்டையை மறுபடி எடுத்தார்.

எத்தனையோ புத்தகம் எழுதிய அந்த நிலையத்திலிருந்து ஒரு மாணவிக்கு முதல்முறையாக விலையில்லாமல் கிடைத்த நல்ல அறிவுரை அது. மகளுக்கென்று வைத்திருந்தது, தவறுதலாக ஊரார் பிள்ளைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. புதுசு எழுதிய தாளை மேசையிலேயே வைத்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டினாள்.

"எங்கம்மா கிளம்பிட்ட? கூட்டம் முடியலியே" என்றார் ஆலோசகர்.

அவள் அவரைப் பார்த்தாள். சீனியரைப் பார்த்தாள். அறிவுரையில் ஒரு எழுத்துக்கூட மாறாமல், வாயைத் திறக்காமல், முன்படி வழியாகவே இறங்கிப் போனாள்.