தவணை முடிந்த முன்னறை

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உங்கள் தங்கையும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். ஒரே கூரையின் கீழ்தான், ஆனால் தனித்தனியாக நலம். அங்கும் அனைவரும் நலமாக இருக்க துஆ செய்கிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை நீங்கள் நேரில் வந்து, என் முன்னறைச் சாவியை உங்கள் தங்கையிடமிருந்து வாங்கித் தர வேண்டும். நியாயம் முழுக்க என் பக்கம். உங்களுக்கு வேலையே இருக்காது.

எதிர் ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளோடு வருகிறவர்கள் வெயிலில் நிற்பதைப் பார்த்து மனசு கேட்காமல், நம் முன்னறையை அவர்கள் தங்கிக்கொள்ள வக்ஃபாக விட்டது உங்களுக்குத் தெரியும். அல்லாஹ்வுக்கென்று ஒதுக்கியதைத் திரும்ப வாங்க முடியாது என்று ஆளாளுக்கு அன்று பயமுறுத்தினார்கள். நான் பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்தவன். நேரம் குறிக்காமல் ஒரு வண்டியை வெளியே விட்டதில்லை, அறையை விடுவேனா? பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டேன். "பெரும்பாலான இமாம்கள் வக்ஃபு நிரந்தரமா இருக்கணும்னுதான் சொல்றாங்க. மாலிக்கி மத்ஹபுங்கிற சட்ட வழியில தவணை வெச்சும் விடலாம். இப்போ சில நாட்டுச் சட்டத்துலயும் அதை ஏத்துக்கிட்டாங்க. தவணை முடிஞ்சா இடம் உங்களுக்கே திரும்பிடும்" என்றார். போதாதா? 'ஆஸ்பத்திரியில் காத்திருப்போர் கூடம் கட்டி முடியும் வரை' என்று தவணை வைத்தேன். "ரெண்டே மாசம் பாய்" என்று மேஸ்திரி தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். நிர்வகிக்க ஒரு முத்தவல்லி வேண்டும் என்றார்கள். வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வெளியே எதற்கு என்று உங்கள் தங்கையை நியமித்தேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன், மச்சான்.

மேஸ்திரியின் இரண்டு மாதம் மூன்று வருஷமாக இழுத்தது. அறையை விட்ட முதல் நாளே, செய்தி கேட்கலாமென்று அங்கே கிடந்த என் ஈஸி சேரில் உட்காரப் போனேன். "யாருக்குத் துணையா வந்திருக்கீங்க?" என்று கேட்கிறாள் முத்தவல்லி. "அடியே, நான் உன் புருஷன்!" "அது வீட்டுக்குள்ள. இங்க உங்க நோயாளி யாரு?" "நானேதான், முதுகு வலி." "அப்போ ஆஸ்பத்திரி எதிர்ல இருக்கு, போங்க." அன்றிலிருந்து சமையலறையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறேன். என் சேரில் ஒரு லாரி டிரைவர் படுத்துக் குறட்டை விட்ட குறட்டையில் அடுப்பங்கரைத் தட்டெல்லாம் அதிர்ந்தது. அவர் மனைவி பிழைத்து எழுந்த அன்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் கொஞ்சம் அழுதேன், அது வேற கதை. போகும்போது அந்த மனுஷன் என் செருப்பைப் போட்டுக்கிட்டுப் போயிட்டாரு, அதை யார்கிட்ட போய்ச் சொல்றது?

பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, நானே களத்தில் இறங்கினேன். தினமும் காலையில் ரோட்டைத் தாண்டிப் போய்க் கொத்தனார் பக்கத்தில் நிற்பேன். மணல் வரலியா, நான் போன் போடுவேன். ஆள் வரலியா, வீட்டுக்கே போய் எழுப்பிவிடுவேன். கூடத்து நாற்காலிகளைத் தரையில் முடுக்கும்போதுகூட நானே நின்று ஒவ்வொரு திருகாணியையும் அசைத்துப் பார்த்தேன். "பாய், இந்த ஆஸ்பத்திரி உங்களுதா?" என்று மேஸ்திரி கேட்டார். "இல்லப்பா, எதிர்ல இருக்கிற ஈஸி சேர் என்னுது" என்றேன். அல்ஹம்துலில்லாஹ், நேற்றுக் கூடத்தைத் திறந்துவிட்டார்கள். எல்லோரும் அங்கே போய்விட்டார்கள், நம் முன்னறை காலி. சாவியைக் கேட்டால், "கூடத்துக் கதவுக்கு இன்னும் தாழ்ப்பாள் போடல, கட்டி முடிஞ்சதுன்னு எப்படிச் சொல்றது?" என்கிறாள். அண்ணன் சொன்னால் கேட்பாள். கேட்கவில்லையென்றால் நீங்கள் திட்டு வாங்குவதையாவது நான் ஒருநாள் பார்க்கிறேன்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளையும், உட்கார ஒரு சொந்த இடத்தையும் அல்லாஹ் தருவானாக.

இப்படிக்கு,
தவணை தவறாத உங்கள் மச்சான்.

பி.கு.: இதை உறையில் போடுவதற்குள் கதவு தட்டும் சத்தம். உங்கள் தங்கை தொழுதுகொண்டிருந்தாள், நான் போய்த் திறந்தேன். கையில் மருந்துப் பையோடு ஒரு அம்மா. புருஷன் ஆபரேஷன் முடிந்து கிடக்கிறாராம். புதுக் கூடத்தில் நாற்காலிக்கு நாற்காலி நடுவில் இரும்புக் கைப்பிடி, படுக்க முடியவில்லையாம். நான் நின்று முடுக்கவைத்த அதே நாற்காலிகள். "கொஞ்சம் முதுகைச் சாய்க்கணும் ஐயா. இந்த ரூம் இன்னும் இருக்கா?" என்றார். "இருக்கும்மா, வாங்க" என்று என் வாய் முந்திக்கொண்டது. தொழுது முடித்து வந்தவள், "வாயால சொன்னாலே வக்ஃபு ஆகிடும்னு ஹஜ்ரத் சொன்னாரே. இந்தத் தடவை என்ன தவணை?" என்றாள். "நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர் இருக்கிற வரைக்கும்" என்றேன். அவள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, "ஈஸி சேரும் சேர்த்தா?" என்றாள். "மெதுவாப் பேசு, அந்தம்மா தூங்கிட்டாங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வாருங்கள், மச்சான். சமையலறையில் இன்னொரு வாளியும் இருக்கிறது.