எழுபத்தொன்றோடு நிறுத்தியவன்

நான் கணிதப் பட்டதாரி. இதை யாரிடமும் சொல்லாமல் ஒரு மணி நேரம் இருக்க முடியாது என்பதுதான் இளமையில் எனக்கிருந்த பெரிய வியாதி.

ஐம்பதுகளின் நடுவில், ஆம்பூர்த் தோல் மண்டி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தபோது, குடியாத்தத்தில் எனக்குப் பெண் பார்க்கப் போனோம். (தோல் வாடை தெரியாமலிருக்க, மண்டித் தோஸ்த் ஒருவன் கொடுத்த அத்தரில் குளித்துவிட்டுப் போயிருந்தேன். இரண்டு வாடையும் கூட்டுச் சேர்ந்துகொண்டன.) பெண்ணின் அப்பா தறி வைத்திருந்தவர். மண்டி மாப்பிள்ளை என்றதுமே அவருக்கு அரை மனசுதான். எனக்கோ, காபி கொண்டுவந்த சரோஜாவைப் பார்த்ததும், இந்தச் சம்பந்தம் தட்டிப்போனால் சன்னியாசம்தான் என்று தோன்றிவிட்டது.

"படிச்ச புள்ள, நீங்க சொல்லுங்க," என்றார் அவர். "எங்க கோயில்ல பத்தாயிரத்தியொரு வெளக்கு ஏத்துவோம். அந்த ஒண்ணு ஜாஸ்தி இன்னாத்துக்கு?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே?

"பத்தாயிரத்தப் பாதியாப் பிரிக்கலாம், அஞ்சாப் பிரிக்கலாங்க. ஒண்ணு சேர்த்துட்டா அது பகா எண். எதாலயும் சமமாப் பிரிக்க முடியாது. புருஷன் பொண்டாட்டியும் அப்பிடிப் பிரியாம இருக்கணும்னுதான்."

என் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் முகமும் மலர்ந்தது.

உண்மை என்னவென்றால், 10,001-ஐ நான் முன்பொருநாள் மண்டியில் பொழுது போகாமல் உட்கார்ந்து வகுத்துப் பார்த்திருந்தேன். நூற்றுக்குள் இருக்கும் பகா எண்கள் அத்தனையும் போட்டுப் பார்த்தால்தான் தீர்ப்புச் சொல்ல முடியும். மூன்று, ஏழு, பதினொன்று என்று ஆரம்பித்து எழுபத்தொன்று வரை வந்தேன். மசியவில்லை. மண்டிச் சங்கு ஊதியது. இத்தனைக்கு மசியாதது இனிமேலா மசியப்போகிறது என்று பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

பெண் வீட்டு உள்ளறையிலிருந்து பலப்பம் கீறும் சத்தம் கேட்டது. தறியில் ஏற்றும் பாவுக்கு எத்தனை இழை என்று தினமும் வகுத்துப் போடும் கை சரோஜாவுடையது என்பது எனக்கு அப்போது தெரியாது. கேசரி ஆறிப்போனது. கடைசியில் அவள் சிலேட்டோடு கதவருகே வந்து நின்றாள்.

"எழுவத்தி மூணால போவுதுப்பா. நூத்தி முப்பத்தேழு தடவ. மீதி இல்ல."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தர் வேர்வையில் கரைந்து ஓடியது. ஒரே ஒரு எண், அடுத்த ஒரே ஒரு பகா எண்ணைப் போட்டுப் பார்த்திருக்கக் கூடாதா என்று அழுகையே வந்துவிட்டது.

"அபசகுனமாப் பூடுச்சே," என்று அம்மா எழுந்தாள்.

"இருங்க," என்றாள் சரோஜா, சிலேட்டைப் பார்த்தபடியே. "அந்த ரெண்டையும் தனித்தனியாப் போட்டுப் பார்த்தேன். எதுவும் மேல பிரியல. பத்தாயிரத்தியொண்ணுக்குள்ள அவங்க ரெண்டு பேருதான். நடுவுல மூணாவது ஆளுக்கு எடமில்ல."

அவள் அப்பா சிலேட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு கேசரித் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"சாப்பிடுங்க மாப்ள. இனிமே கணக்க அது பாத்துக்கும்."

அது அப்படியே நடந்தது. இன்றைக்கும் நான் வானத்தை அண்ணாந்து பார்த்து, மழை வராது என்று அடித்துச் சொன்னால் போதும், என் மகன் உள்ளே பார்த்துக் குரல் கொடுக்கிறான்: "அம்மா, அப்பா எழுவத்தொண்ணுல நிக்கிறாரு."

சரோஜா குடையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் போகிறாள்.