பாரமண்ணையின் பின் ரயர்கள்

கனடா என்று ஒரு நாடு உண்டான நாள் தொடக்கம், குண்டு ஆட்களுக்குப் பாரமண்ணை கொடுத்த மரியாதையை வேறு யாரும் கொடுத்திருக்க மாட்டார்கள். மெலிந்த ஆட்களை அவர் கணக்கிலேயே எடுப்பதில்லை. நான் மெலிந்தவன். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது, அதையும் சேர்த்தே வாசியுங்கள்.

எண்பதுகளின் நடுப்பகுதி. ரொறன்ரோவின் ஸ்காபரோப் பக்கம், மல்வேர்னில் ஒரு உயரமான கட்டடத்தில் நாங்கள் ஊர்ப் பெடியள் கும்பலாக இருந்தோம். எல்லாருக்கும் ஏதோ ஒரு தொழிற்சாலையில் வேலை, ஒருவரிடமும் கார் இல்லை. கட்டடத்திலேயே கார் வைத்திருந்த தமிழர் பாரமண்ணை ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயரைத் தபால்காரன் தவிர வேறு யாரும் பாவித்ததில்லை. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்தவர். அரிசி, சீனி, பருப்பு என்று நிறுத்து நிறுத்துப் பழகிய கண். ஆளைப் பார்த்தவுடன் எடையைச் சொல்லிவிடுவார். "வணக்கம்" சொல்லப் போனவனுக்கு "எழுபத்தெட்டு, சப்பாத்தோடை" என்று பதில் வரும்.

கார் ஒரு பழைய அமெரிக்கக் கப்பல். எஞ்சின் முன்னுக்கு, ஓட்டம் பின் சில்லுக்கு. முன்பக்கம் மலை, பின்பக்கம் வெறும் பெட்டி. கோடையில் அது ராசா மாதிரிப் போகும். ஸ்னோ விழுந்தால் பின் சில்லு நின்ற இடத்திலேயே சுற்றும். ஆகவே பாரமண்ணை பின் சில்லு இரண்டுக்கும் ஆழமான பல்லு வைத்த ஸ்னோ ரயர் போட்டார். அதோடு விட்டிருந்தால் அவரும் நாலு பேரைப் போல ஒரு மனிதர். அவர் விடவில்லை.

"ரயர் எண்டது வெறும் பல்லுத்தான் தம்பி. பல்லு கடிக்க வேணுமெண்டால் மேல பாரம் வேணும்" என்பார்.

அந்தப் பாரம் ஆட்கள்தான். விடிய ஆறு மணிக்கு நாங்கள் பஸ் நிற்பாட்டும் இடத்தில் விறைத்துப்போய் நிற்போம். கப்பல் வந்து மெதுவாக நிற்கும். கண்ணாடி இறங்கும். பாரமண்ணை எங்களை ஒரு முறை மேலும் கீழும் பார்ப்பார்.

"செல்வம், ஏறு. நீங்களும் ஏறுங்கோ அண்ணை. பின்னுக்கு, பின்னுக்கு."

செல்வம் என்னோடு ஒரே அறையில் இருந்தவன். நல்ல பிள்ளை, நல்ல உடம்பு. அவன் ஏறினால் கார் 'உம்' என்று ஒரு சத்தம் போட்டு அமரும். நானும் ஒரு நாள் வெட்கத்தை விட்டுக் கதவைப் பிடித்தேன்.

"தம்பி, நீ ஏறினாலும் ஒண்டுதான், ஏறாட்டிலும் ஒண்டுதான்" என்றார் பாரமண்ணை. கதவு சாத்தப்பட்டது. இதை மரணப்படுக்கையிலும் மறக்க மாட்டேன் என்று அன்று நினைத்தேன்.

ஒரு நாள் கேட்டேன்: "அண்ணை, வெள்ளைக்காரன் டிக்கிக்குள்ளை ரெண்டு மண்மூட்டை போடுறான். நீங்களும் போட்டால் என்ன?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மண்மூட்டை கதைக்குமோ?"

உள்ளே ஏறியவர்களும் சும்மா இருக்க முடியாது. மேட்டில் ஏறும்போது "எல்லாரும் பின்னுக்குச் சாயுங்கோ" என்று உத்தரவு வரும். சில்லு சிக்கினால் "முன்னுக்கு, பின்னுக்கு, முன்னுக்கு, பின்னுக்கு" என்று எல்லாரும் ஆட வேண்டும். சிவப்பு விளக்கில் பக்கத்துக் காரில் நின்ற வெள்ளைக்காரர்கள், உள்ளே ஏதோ பஜனை நடக்கிறது என்று நினைத்திருப்பார்கள்.

புதுக் கார் வாங்கத் தொடங்கிய எங்கள் ஆட்களில் கனபேர் வருசம் முழுக்க ஒரே ரயர்தான் ஓடினார்கள். 'ஓல் சீசன்' என்று அதற்குப் பெயர். அந்தப் பெயரைக் கேட்டாலே பாரமண்ணைக்குப் பத்திக்கொண்டு வரும். "எல்லாச் சீசனுக்கும் ஒரே சப்பாத்தோ? கலியாண வீட்டுக்குப் போடுறதைப் போட்டுக்கொண்டு வயலுக்குள்ளை இறங்குவியே?"

ஐப்பசி மாதம் வந்தால் பாரமண்ணை வீட்டில் விருந்து தொடங்கும். ஆட்டிறைச்சிக் கறி, புட்டு, அதற்குமேல் வட்டிலப்பம். செல்வத்தின் சாப்பாட்டுக் கோப்பை காலியாக அவர் விடுவதில்லை. தாராள மனசு என்று நாங்கள் நினைத்தோம். கார்த்திகையில் முதல் ஸ்னோ விழுந்தபோதுதான் விளங்கியது, அவர் வருசாவருசம் வண்டிக்குப் பாரம் வளர்க்கிறார் என்று. ஒரு மாரிக் குளிரில் செல்வம் டொக்டர் சொல்லி டயற்றில் இறங்கினான். பாரமண்ணை எங்கள் அறைக்கே வந்து கதிரையில் இருந்து, "நான் உனக்கு என்ன குறை வச்சனான்?" என்று கேட்டார். கண் கலங்கியிருந்தது. செல்வம் அன்றிரவே டயற்றை விட்டான்.

எல்லாம் வெற்றி என்றும் சொல்ல முடியாது. ஒருமுறை ஆர்வம் மிஞ்சி நாலு மல்லர்களைப் பின்சீற்றில் அடைத்துவிட்டார். பின்பக்கம் நிலத்தோடு ஒட்ட, முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. வளைவில் ஸ்ரியறிங்கை எவ்வளவு திருப்பியும் கார் நேரே போய் ஸ்னோக் குவியலுக்குள் மூக்கைக் குத்தியது. எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். பாரமண்ணை மட்டும் பின்பக்கம் குனிந்து பெருமையோடு சொன்னார்: "பாத்தியளே, பின் ரயர் ரெண்டும் நிண்டது நிண்டபடி. முன் பக்கம்தான் மரியாதை கெட்டது."

இப்படிப்பட்ட மனிதரை நம்பி என் கலியாணம் நடந்தது.

எங்கள் சனத்திடம் ஒரு பழக்கம். மார்கழியில் கலியாணம் கூடாது, ஆகவே எல்லாரும் தையில் வந்து விழுவார்கள். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று பஞ்சாங்கக்காரன் சொன்னது யாழ்ப்பாணத்துக்கு. ரொறன்ரோவில் தை பிறந்தால் இருக்கிற வழியும் மூடும். அது எங்களுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் தைதான்.

பெண் வசந்தி. எனக்கு அவளைப் பிடிக்கும், அவளுக்கும் என்னைப் பிடிக்கும். அவளுடைய தகப்பனுக்குத்தான் பிடிக்காது. ஊரில் ஸ்ரேசன் மாஸ்ரராக இருந்தவர். மெயில் ரயிலே அவர் கொடியைப் பார்த்துத்தான் நகரும். லண்டனில் ஒரு எக்கவுண்டன்ற் மாப்பிள்ளை அவர் மனதில் இருந்தான். மகள் பிடிவாதமாக நின்றதால் அரை மனதோடு சம்மதித்து, ஒரு நிபந்தனை வைத்தார். இரண்டு சாதகத்துக்கும் பொருந்துகிற முகூர்த்தம் தையில் ஒன்றே ஒன்றுதான், அது காலை பத்தரையோடு முடிகிறது, தவறினால் ஆவணியில் யோசிப்போம் என்றார். ஆவணிக்குள் லண்டன்காரன் வந்து இறங்கிவிடுவான் என்று எனக்குத் தெரியாதா?

கலியாணத்துக்கு முதல்நாள் இரவு முழுக்க மழை. விழுந்த மழை விழுந்த இடத்திலேயே ஐஸாகிவிட்டது. விடியப் பார்த்தால் ஸ்காபரோ முழுக்கக் கண்ணாடி போட்டு மூடியிருக்கிறது. மண்டபமோ ஒரு மேட்டின் உச்சியில். பெண் வீட்டார் மழைக்கு முதலே போய் அங்கேயே படுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை வீட்டாராகிய நாங்கள் ஐயரையும் கூட்டிக்கொண்டு மேட்டின் அடியில் வந்து சேர்ந்தபோது ஒன்பதரை. எங்கள் கார்கள் எல்லாம் ஓல் சீசன். ஒவ்வொன்றாக மேட்டில் ஏறி, பாதியில் யோசித்து, வந்த வழியே முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி வந்தன. நான் நடந்து பார்த்தேன். பட்டு வேட்டியும் வழுக்கும் சப்பாத்துமாக மூன்று எட்டு வைத்தேன், பிறகு இருந்தபடியே புறப்பட்ட இடத்துக்கு வந்தேன்.

அப்போது கப்பல் வந்தது.

பாரமண்ணை கோட்டுச் சூட்டோடு இறங்கி மேட்டைப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்த்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

"வரிசையா நில்லுங்கோ. பாரமான ஆக்கள் முன்னுக்கு."

மேட்டுக்கு முதல் றிப்பில் ஐயர், செல்வம், இரண்டு மாமிமார். கார் உறுமாமல், அவசரப்படாமல், மெதுமெதுவாக ஏறி உச்சியில் மறைந்தது. கீழே நின்ற சனம் கை தட்டியது. திரும்பி வந்தபோது பின்சீற்றில் ஐயர் அப்படியே இருக்கிறார்.

"தம்பி, இந்த முறை என்னை மேலை இறக்கி விடும். பூசைச் சாமான் எடுத்து வைக்கோணும்" என்றார் ஐயர்.

"ஐயா, நீங்கள் இறங்கினால் மிச்சச் சனம் ஏறாது. இருந்தபடி மந்திரத்தைச் சொல்லுங்கோ, ரயருக்கும் நல்லது."

இப்படி ஐயர் அந்த மேட்டில் ஏறினார், இறங்கினார், திரும்ப ஏறினார். அக்கினி வளர்க்க வேண்டிய மனிதர் சீற் பெல்ற்றைப் பிடித்துக்கொண்டு சிவசிவா என்கிறார். கடைசியில் மண்டப வாசலில் என் வருங்கால மாமனார் காரை மறித்து, கதவைத் திறந்து, ஐயரைக் கையில் பிடித்து இழுத்து இறக்கினாராம்.

அதற்குப் பிறகுதான் யாரோ கேட்டார்களாம்: "மாப்பிள்ளை எங்கை?"

"கீழை நிக்கிறார். பாரமில்லாத ஆளெண்டு கடைசியா விட்டிட்டன்" என்றாராம் பாரமண்ணை.

நான் கீழே தனிய நின்றேன். தலைப்பாகை, பட்டு வேட்டி, அதற்குமேல் செல்வத்தின் பென்னாம்பெரிய குளிர்க்கோட்டு. மாப்பிள்ளைத் தோழனும் ஏற்கெனவே மேலே போய்விட்டான். அவசரத்தில் செல்வத்தைக்கூட ஏற்றாமல் கப்பல் வெறுமையாக இறங்கி வந்தது. நான் பின்சீற்றில் பாய்ந்து ஏறினேன்.

முதல் முயற்சியில் கால்வாசி ஏறிச் சறுக்கினோம். இரண்டாவதில் அதுவும் இல்லை. பாரமண்ணை கண்ணாடியில் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"தம்பி, கோவிக்காதை. உன்னை வச்சுக்கொண்டு நான் என்ன செய்யிறது?"

எனக்கு அழுகை வந்தது. மேலே அவள் மணவறையில், கீழே நான், நடுவில் ஒரு சின்ன மேடு. இதுதான் விதி என்று நினைத்தேன்.

அந்த நேரம், வேலியைப் பிடித்தபடி, பாதி நடையும் பாதிச் சறுக்கலுமாக ஒரு உருவம் மேட்டிலிருந்து வந்து காரில் முட்டி நின்றது. மாமனார். கையில் மணிக்கூடு.

"பத்து இருவது" என்றார் என்னைப் பார்த்து. "இனிச் சரிவராது. அப்ப ஆவணியில பாப்பம், தம்பி."

நான் வாயைத் திறக்கமுதல் பாரமண்ணை கண்ணாடியை இறக்கினார். மாமனாரை மேலும் கீழும் பார்த்தார். மரியாதையோடு, பக்தியோடு என்றே சொல்லலாம்.

"தொண்ணூத்தாறு. கோட்டோடை நூறு" என்று முணுமுணுத்தார். "அங்கிள், நீங்களும் திரும்பிப் போகோணுமெல்லோ. ஏறுங்கோ."

வேறு வழியில்லை, மாமனார் என் பக்கத்தில் ஏறினார். கார் அரைவாசி மேடு வரை போனது. பிறகு சில்லு சுற்றியது. கார் மெல்லக் கீழே வந்தது.

"காணாது. இன்னும் பின்னுக்குப் பாரம் வேணும்" என்றார் பாரமண்ணை.

"இன்னும் பின்னுக்கு எங்கை இருக்கு?" என்று கேட்டார் மாமனார்.

"டிக்கி."

மெயில் ரயிலை நிற்பாட்டிய மனிதர், சரிகை வேட்டியோடு, பெண்ணைப் பெற்றவர். அவர் அப்படியே இருந்திருந்தால் போதும், பத்தரை தானாகக் கடந்துபோயிருக்கும். லண்டன்காரனும் வந்திருப்பான். அவர் மணிக்கூட்டைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், ஆனால் என்னைப் பார்க்கவில்லை.

"என்ர பிள்ளை காலமை தொடக்கம் பச்சைத் தண்ணியும் குடிக்காமல் அங்கை இருக்கிறாள்" என்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். "மூடியைத் திறவும்."

டிக்கி திறந்தது. மாமனார் பின்னுக்குப் பார்த்தபடி, கால் இரண்டையும் வெளியே தொங்கவிட்டு அமர்ந்தார். கப்பல் 'உம்' என்று அமர்ந்தது. பாரமண்ணை கியரை இரண்டில் போட்டு, ஒரு குழந்தையைத் தட்டி எழுப்புவதுபோலக் காலை வைத்தார். சில்லு ஒரு தரம் நடுங்கியது. பிறகு கடித்தது.

"பிடிச்சிட்டுது" என்றார் பாரமண்ணை, மூச்சு விடாமல்.

அரைவாசி மேடு கடந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பின்னாலிருந்து ஸ்ரேசன் மாஸ்ரரின் பழைய குரல் கணீரென்று வந்தது: "விடும், விடும், நிப்பாட்டாதையும். லைன் கிளியர்."

உச்சி வந்தது. முழு மண்டபமும் வாசலில் நிற்கிறது. மேளக் கசற் போடுகிறவர் அவசரப்பட்டு, நேரம் வரமுதலே கெட்டிமேளத்தைத் தட்டிவிட்டார். ஆராத்தித் தட்டோடு நின்ற மாமிமார் யாருக்கு எடுப்பது என்று தெரியாமல் காருக்கும் சேர்த்து எடுத்தார்கள். டிக்கிக்குள் இருந்த மாமனாருக்கும் ஒரு சுற்றுக் கிடைத்தது. அவர் இறங்கி, ஐஸில் கால் வழுக்க, என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மருமோன், தலைப்பாவைச் சரிப்படுத்தும். ஓடும்."

மணவறையில் ஐயர், ஏறி இறங்கிய மயக்கம் தீராமல், மந்திரத்தைப் பாதியில் நிறுத்தி நேரம் கேட்டார். எல்லாரும் மாமனாரைப் பார்த்தார்கள். அவர் மணிக்கூட்டை ஒருதரம் பார்த்தார். பிறகு அந்தக் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு, "நேரம் இருக்கு, கட்டும்" என்றார். உண்மையில் இருந்ததா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. தாலியைக் கட்டினேன். வசந்தி தலையைக் குனிந்தபடி சிரித்தது எனக்கு மட்டும் தெரிந்தது.

முதல் பந்தியில் முதல் இலையில் பாரமண்ணையை இருத்த வேண்டும் என்று தேடினோம். ஆளைக் காணவில்லை. பிந்தி வந்த சனம் கீழே நிற்கிறது என்று செல்வத்தையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டாராம். தூரத்து உறவு, அயலட்டை, ஒரு கிழமைக்கு முன் ஊரிலிருந்து வந்து இறங்கியிருந்த ஒரு குடும்பம் என்று ஒருவரையும் விடாமல் ஏற்றி முடிக்கப் பின்னேரமாகிவிட்டது. அதற்குள் குடும்பப் படம், நண்பர்கள் படம் எல்லாம் எடுத்து முடிந்தது. வெளியே வந்து பார்த்தபோது மனிதர் ஸ்ரியறிங்கில் தலையைச் சாய்த்து நல்ல நித்திரை. நாங்கள் எழுப்பவில்லை. வசந்தி கூறைச்சேலையோடு நின்று, தன் சால்வையை எடுத்து அவர் தோளில் போர்த்திவிட்டாள்.

எங்கள் கலியாண அல்பத்தில் பாரமண்ணை ஒரு படத்திலும் இல்லை. ஆனால் வீட்டுக்கு வருகிற யாராவது அதைக் கையில் எடுத்தால், முதல் பக்கத்தைத் திருப்ப வசந்தி விடமாட்டாள். "கொஞ்சம் பொறுங்கோ, முதல் இதிலை இல்லாத ஆளைப் பற்றிச் சொல்லோணும்" என்று தொடங்கிவிடுவாள்.